பூட்டிய வீட்டின் செலவு: செட்டிநாட்டுப் பொது வீடு ஒன்றை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீட்டுக்கு ஊர்ப்பெயரோ விலாசமோ தரப்போவதில்லை. செட்டிநாட்டில் பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் பல வீடுகளில் காணப்படும் நிலைமைகளை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்து அமைத்துக்கொண்ட மாதிரி வீடு இது. இதில் வரும் ரூபாய்க் கணக்குகளும் பாடத்துக்காக வைத்துக்கொண்ட எண்களே. ஆனால் கணக்குக்குப் பின்னால் இருக்கும் சிக்கலைக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தில் வளர்ந்தவர் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் கடைசிக் கட்டின் கொல்லைக் கதவு அடுத்த தெருவிலும் திறக்கின்றன. திண்ணையைக் கடந்தால் பட்டாலை, அதன்பின் நடுவில் வானம் தெரியும் வளவு, வளவைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒதுக்கப்பட்ட அறைகள், அதற்கும் பின்னே சாப்பாட்டுக்கும் சமையலுக்குமான இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் உள்ளன. தூண்கள் பர்மாத் தேக்கு. தரை ஆத்தங்குடிப் பூக்கல். சுவர்கள் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெழுகி, இன்றும் கையை வைத்தால் குளிர்கிற பூச்சு. இவ்வளவு பெரிய வீட்டில் இன்று குடியிருப்பவர் எவரும் இல்லை. முகப்பை ஒட்டிய சிறு அறையில் காவல்காரர் ஒருவர் மட்டும் தங்குகிறார்.

வீடு இருபத்துநான்கு புள்ளிகளுக்கு, அதாவது மணமாகித் தனியே எண்ணப்படும் குடும்பங்களுக்கு, பொது. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் அந்தக் குடும்பங்கள் முன்னோர் வழிபாடாகிய படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும் ஊருக்கு வருகின்றன. இரண்டொரு நாளில் திரும்பிவிடுகின்றன. சென்ற வடகிழக்குப் பருவமழையில் பட்டாலையின் கூரை ஒழுகி ஓர் உத்தரம் நனைந்தது. அந்த ஆண்டுப் படைப்புக்கு வந்தவர்கள் வளவில் உட்கார்ந்து வீட்டை என்ன செய்வது என்று பேசினார்கள். நான்கு யோசனைகள் எழுந்தன. இருக்கிறபடி பூட்டி வைத்து ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றுவது ஒன்று. வீட்டைப் பிரித்துத் தூண், கதவு, நிலைகளைப் பழம்பொருள் வியாபாரிகளுக்கும் மனையை வேறொருவருக்கும் விற்றுவிடுவது இன்னொன்று. மரபு விடுதி நடத்த முன்வரும் ஒருவருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது மூன்றாவது. திரைப்படப் படப்பிடிப்புக்கும் வெளியார் கல்யாணங்களுக்கும் நாள் வாடகைக்கு விடுவது நான்காவது.

“பூட்டி வைப்பதற்கு என்ன அண்ணே பெரிய செலவு? அது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்று ஒருவர் சொன்னார். முதலாண்டுப் பொருளியல் பாடத்தில் பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

எது பற்றாக்குறை?

வகுப்பில் பற்றாக்குறை என்ற சொல்லைச் சொன்னவுடன் மாணவர்கள் வறுமையையோ பஞ்சத்தையோ நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வீட்டில் அந்தப் பொருள் பொருந்தாது; ஆளுக்கு மிஞ்சிய அறை, அறைக்கு மிஞ்சிய தூண் என்று எங்கும் மிகுதியாகவே தெரிகிறது. 1932ஆம் ஆண்டு இலயனல் இராபின்சு பொருளியலுக்கு வகுத்த இலக்கணம் இங்கே உதவும். நோக்கங்கள் பல, அவற்றை நிறைவேற்றும் வழிவகைகள் குறைவு, அந்த வழிவகைகளுக்கு மாற்றுப் பயன்களும் உண்டு, இவற்றுக்கிடையே மனிதர் நடந்துகொள்ளும் முறையை ஆராய்வதே பொருளியல் என்பது அவர் கருத்தின் சாரம். ஒரு பொருள் அளவில் சிறிதாக இருப்பது பற்றாக்குறை ஆகாது. ஒன்றுக்குப் பயன்படுத்தினால் மற்றொன்றுக்கு இல்லாமற்போவதே பற்றாக்குறை.

தை மாதத்தின் நல்ல முகூர்த்த நாளில் இந்த வளவில் ஒரு கல்யாணமே நடக்க முடியும். அன்று பங்காளி வீட்டுக் கல்யாணம் நடந்தால் வெளியாருக்கு விட முடியாது. பட்டாலையின் தூண்களைக் கழற்றி விற்றபின் அதே பட்டாலையில் படப்பிடிப்பு நடத்த முடியாது. ஆகவே அறைகள் காலியாகக் கிடந்தாலும் வீடு பற்றாக்குறையான வளமே.

காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பற்றாக்குறை சில இடங்களில் தளர்கிறது. வீட்டைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்வதா, வெளியூர்ப் பயணிகளுக்கு விடுவதா என்று கூட்டத்தில் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. செட்டிநாட்டைப் பார்க்க வரும் பயணிகளின் வரவோ குளிர்காலத்தை ஒட்டியே, திசம்பர், சனவரி மாதங்களில்தான் மிகுதி. இரண்டு பயன்களும் ஒரே நாளுக்குப் போட்டியிடவில்லை. அந்தப் பருவத்திலேயே வரும் பிள்ளையார் நோன்பன்று இழை என்னும் நோன்புத் திரியை எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்காக ஒரு மாலைப் பொழுதை மட்டும் ஒதுக்கிவிட்டால் போதும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டும் என்ற விதி பொதுவில் மெய். ஆனால் எந்த ஒன்றுக்கு எந்த ஒன்று என்பதை நாட்காட்டியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்குள் இருக்கும் நான்கு காரணிகள்

நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு என்று உற்பத்திக் காரணிகளைப் பாடநூல் நான்காகப் பிரிக்கிறது. அவற்றுக்குரிய வருவாயை முறையே வாரம் (நிலத்துக்கான வாடகை), கூலி, வட்டி, இலாபம் என்கிறது. இவற்றில் நிலத்தைப் பற்றி இந்த வீட்டில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஏதும் இல்லாத வறண்ட சீமை இது. கண்மாயையும் ஊருணியையும் நம்பியே ஊர்கள் அமைந்தன. கூரையில் விழும் மழைநீரை வளவுக்குள் இறக்கிப் பயன்படுத்தும்படி வீடுகள் கட்டப்பட்டன. மனையின் மதிப்பு ஊரையும் தெருவையும் பொறுத்தது, அவ்வளவே.

மூலதனத்தில் மாணவர்கள் வழக்கமாக இடறுகிறார்கள். பணத்தையே மூலதனம் என்று எழுதிவிடுகிறார்கள். மேலும் உற்பத்தி செய்வதற்காக மனிதர் உண்டாக்கிவைத்த பொருளே மூலதனம். பணம் அதைப் பெறுவதற்கான வழி. அப்படியானால் பூட்டிய வீடு மூலதனமா? நாள் வாடகைக்கு விட்டால், விடுதியாக்கினால், அது பணியை உற்பத்தி செய்கிறது; மூலதனம் ஆகிறது. பங்காளிகள் ஆண்டில் இரண்டு விசேடங்களை அங்கே நடத்தினாலும், வாடகை கைமாறாவிட்டாலும், வீடு ஒரு பணியைத் தருகிறது. ஆண்டு முழுவதும் திறக்காத அறைகள் மட்டுமே எதையும் உற்பத்தி செய்யாத மூலதனம். சும்மா இருக்கும் இயந்திரத்தைப்போல அவையும் சும்மா இருக்கும்போதே தேய்கின்றன. திறந்து காற்று படாத அறையில் கரையான் ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தேய்மானம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

உழைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கூட்டத்தில் பேசியவர்கள் அனைவரும் பணம் வசூலாகுமா என்று கவலைப்பட்டார்கள். ஆள் கிடைப்பாரா என்று கேட்டவர் காவல்காரர் ஒருவரே. நாட்டு ஓடு மாற்றத் தெரிந்தவர், பழைய நிலையைப் பிரிக்காமல் பழுதுபார்க்கும் தச்சர், சுண்ணாம்பைப் பக்குவமாக அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் ஆகியோர் இன்று சிலரே. சிமெண்டுப் பூச்சுக்குப் போகும் கொத்தனாருக்கு அன்றாடம் வேலை உண்டு, அன்றே கூலி உண்டு. சுண்ணாம்பு வேலையோ கலவையைப் புளிக்க வைப்பதிலிருந்து கடைசி மெருகு வரை நாட்கணக்கில் பொறுமையைக் கேட்கிறது. கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும். ஆண்டு முழுவதும் வேலை இருக்கும் என்ற உறுதியும் இல்லை. இளைஞர் ஒருவர் அதைக் கற்காமல் வெளிநாட்டுக் கட்டட வேலைக்குப் போவது பாரம்பரியத்தின் மேல் அவருக்குப் பற்றில்லாததால் அன்று. அதைக் கற்கும் ஆண்டுகளில் அவர் இழக்கும் கூலி அந்தக் கல்வியின் விலை. அந்த விலையை அவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. இருக்கிற சில கைவினைஞர்களைப் பழைய வீடுகளை விடுதியாக்குகிறவர்களும் நாடுகிறார்கள். ஆகவே பொது வீட்டுக்காரர்கள் அவர்களோடு போட்டியிட்டே கூலி பேச வேண்டும்.

இந்த வேலைக்குக் காலமும் பற்றாக்குறை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கூரை முடிய வேண்டும். ஊரில் எல்லா வீட்டுக்கும் அதே ஆவணியும் புரட்டாசியும்தான் தேவைப்படுகின்றன.

நான்காவது காரணியாகிய அமைப்பைப் பாடநூல் கடைசியில் வைத்து ஒரு பத்தியில் முடித்துவிடுகிறது. இந்த வீட்டில் உள்ளவற்றுள் மிக அரிதானது அதுவே என்பது என் கருத்து. நிலத்தையும் உழைப்பையும் மூலதனத்தையும் ஒன்றுசேர்த்து, முடிவெடுத்து, இழப்பு வந்தால் தாங்கிக்கொள்ளும் ஆள் யார்? வீட்டைக் கட்டியவர் காலத்தில் அவர் ஒருவரே முடிவெடுத்தார். அவருக்கு மூன்று மகன்கள், தலைமுறைதோறும் ஒவ்வொருவருக்கும் மும்மூன்று மகன்கள் என்று வைத்துக்கொண்டாலே கொள்ளுப்பேரன் தலைமுறையில் இருபத்தேழு பேர் ஆகிவிடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989ஆம் ஆண்டில் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பால் பங்குரிமை தந்தது. அப்போதே மணமாகியிருந்தவர்களை அது விலக்கியிருந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்தில் அத்தகைய விலக்கு இல்லை. நியாயமான அந்த மாற்றத்தால், ஊர் எண்ணும் புள்ளிக் கணக்கும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியவர்களின் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பாடத்தை எளிதாக்க இருபத்துநான்கு பங்குகள் என்றே மேலும் கொள்வோம்.

பூட்டின் செலவு

கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு இனிக் கணக்குப் போடலாம். காவல்காரர் சம்பளம், ஓடு மாற்றும் செலவு, வரி, மின்கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்கு ஒன்றுக்கு 6,250 ரூபாய். பங்காளிகளின் கண்ணுக்குத் தெரியும் செலவு இது ஒன்றே. கணக்குப் புத்தகத்தில் ஏறுவதும் இது ஒன்றே.

வீட்டைப் பிரித்து விற்றால் மரத்துக்கும் கதவுக்கும் 60 இலட்சம், மனைக்கு 40 இலட்சம், ஆக ஒரு கோடி கிடைக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் வைப்பில் போட்டால் 7 இலட்சம் வரும். பூட்டி வைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த 7 இலட்சத்தை, அதாவது பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 29,167 ரூபாயை, வாங்காமல் விடுகிறார்கள். கைவிட்ட மாற்றுகளுள் மிகச் சிறந்த ஒன்றின் மதிப்பே வாய்ப்புச் செலவு. கையிலிருந்து கொடுத்ததையும் சேர்த்தால் பூட்டுக்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 35,417 ரூபாய் ஆகிறது. எதிர்ப்பக்கத்தில், ஆண்டில் இரண்டு விசேடங்களை மண்டபம் பிடிக்காமல் வீட்டிலேயே நடத்துவதால் மொத்தம் 3 இலட்சம் மிச்சமாகிறது என்று கொண்டால், அதைக் கழித்தபின் நிகரச் செலவு 5,50,000 ரூபாய், பங்கு ஒன்றுக்கு 22,917 ரூபாய். மனையின் விலை ஆண்டுதோறும் ஏறினால் இது மேலும் குறையும்.

இங்கே இரண்டு தவறுகள் எளிதாக நேரும். விடுதிக் குத்தகையில் ஆண்டுக்கு 9 இலட்சம் வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பூட்டி வைப்பதன் வாய்ப்புச் செலவு ஏழும் ஒன்பதும் சேர்ந்து 16 இலட்சம் என்று சிலர் எழுதுவார்கள். ஒரே வீட்டை விற்கவும் குத்தகைக்கு விடவும் முடியாது. ஆகவே வாய்ப்புச் செலவு 9 இலட்சமே. மற்றொரு தவறு வளவில் அன்று சொல்லப்பட்டது. “ஐயா எவ்வளவு செலவழித்துக் கட்டினார் தெரியுமா? அதை அற்ப விலைக்கு விடுவதா?” என்றார் மூத்த பங்காளி ஒருவர். கட்டுமானச் செலவு என்றோ முடிந்துபோன அமிழ்ந்த செலவு. விற்றாலும் பூட்டினாலும் அது திரும்பாது. இன்று எடுக்கும் முடிவுக்குத் தேக்கு இன்று என்ன விலை போகும் என்பதே கணக்கு. ஆனால் ஐயா கட்டிய வீட்டில் தம் பேத்தியின் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவர் விரும்புவது வேறு. அது விருப்பம், அந்த விருப்பத்துக்கு, விற்பனையை மட்டும் மாற்றாகக் கொண்ட கணக்கின்படி, ஆண்டுக்கு 22,917 ரூபாய் கொடுக்க அவர் மனமார ஒப்புக்கொண்டால், அது பகுத்தறிவுக்கு முரணானது என்று சொல்லப் பொருளியலுக்கு உரிமை இல்லை. விலையைத் தெரிந்து தேர்ந்தெடுக்கிறாரா என்று கேட்பதோடு அதன் வேலை முடிகிறது.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதைக் கூர்ந்து படிப்பவர் கவனித்திருப்பார். விற்பதற்கும் எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும். இருபத்துமூன்று பேர் ஒப்பி ஒருவர் மறுத்தால், 29,167 ரூபாய் என்பது தனிப் பங்காளி எவரும் கைவிட்ட வாய்ப்பே ஆகாது. அது அவர் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்ததே இல்லை. நீதிமன்ற வழி ஒன்று உண்டு. கூறுபோட்டால் பயனற்றுப் போகும் சொத்தை விற்றுப் பணமாகப் பகிர்ந்துகொள்ள 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடமளிக்கிறது. குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியார் பிரிவினை கேட்டால், குடும்பத்தாரே அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளவும் அது வழி செய்கிறது. ஆனால் வழக்குக்கு ஆகும் ஆண்டுகளும், படைப்பில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமற் போவதும் அந்த வழியின் விலை. ஆகவே இருபத்துநால்வரும் ஒரே முடிவாளராக நின்றால் மட்டுமே மேற்கண்ட கணக்கு பொருந்தும். தனித்தனியே நின்றால், ஒவ்வொருவருக்கும் 6,250 ரூபாய் கொடுத்துப் பூட்டி வைப்பதே உள்ளவற்றுள் மலிவான வழி. செட்டிநாட்டில் இத்தனை வீடுகள் பூட்டிக் கிடப்பதற்குப் பாசத்தையும் அலட்சியத்தையும் மட்டுமே காரணமாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேக்கு வந்த வழி

மூலதனத்தை எந்த உருவில் வைத்துக்கொள்வது என்ற தேர்வு இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1930ஆம் ஆண்டை ஒட்டி நடந்த பர்மா மாகாண வங்கி விசாரணையின் மதிப்பீட்டின்படி, அங்கே இந்தச் சீமையின் நாட்டுக்கோட்டைச் செட்டியார் நிறுவனங்கள் சுமார் 1,650 75 கோடி ரூபாய் அளவுக்கு நடப்பு முதலோடு தொழில் செய்தன. அதில் பெரும்பகுதி கீழ்ப்பர்மாவின் நெல் விவசாயத்தைச் சார்ந்த கடன். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது பணமாகத் திரும்ப வேண்டிய கடன் நிலமாகத் திரும்பியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்கள் நில உடைமை, அந்தப் பத்தாண்டு முடியுமுன்பே ஏறத்தாழ 25 விழுக்காடு ஆயிற்று. வட்டிக்கு விட்டு வாங்கி ஊர் ஊராக மாற்றக்கூடியதாக இருந்த முதல், இடம்பெயர முடியாத வயலாக உறைந்தது. 1942இல் சப்பானியர் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் பர்மா அரசு மேற்கொண்ட நில நாட்டுடைமையாக்கமும் அந்த வருவாயை முடித்துவைத்தன. வருவாய் நின்றபின்னும் அந்த வருவாயில் எழுந்த வீடுகள் இங்கே நின்றன. பராமரிப்புச் செலவும் அவற்றோடு நின்றது.

அதே காலத்தில் அதே சமூகத்தின் முதல் வேறு உருவங்களையும் எடுத்தது. 1937இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் திறந்தது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் அது திறக்கப்பட்டது. நிலம் அதே வறண்ட நிலம்தான். அதன்மேல் வைத்த மூலதனமும் அதை நடத்திய அமைப்பும் வேறு. வீடு கட்டியவர்கள் தவறு செய்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் முடிவெடுத்தபோது பர்மாவிலிருந்து வரவு நிற்கும் என்று எவரும் அறிந்திருக்கவில்லை. தேர்வை அது எடுக்கப்பட்ட நாளில் இருந்த செய்தியை வைத்தே மதிப்பிட வேண்டும்.

என்ன முடிவாயிற்று

வளவில் இரண்டு நாள் நடந்த பேச்சில், விற்பனை யோசனையை நான்கு பங்காளிகள் மறுத்ததால் அது விழுந்தது. குத்தகைக்கு வந்த விடுதிக்காரர், உள்ளறைகளை உடைத்துக் குளியலறை கட்ட அனுமதியும் எல்லாருடைய கையெழுத்தும் கேட்டார். வெளிநாட்டிலிருந்த மூன்று பேரின் கையெழுத்து இன்னும் வரவில்லை. மார்கழியில் முகப்பையும் பட்டாலையையும் மட்டும் நாள் வாடகைக்கு விட்டு, அந்த வரவைக் கூரைக்கே செலவழிப்பது என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அதற்கு நீண்ட காலப் பத்திரம் தேவையில்லை. பொதுவில் இரண்டு பேரைக் கணக்குப் பார்க்க அமர்த்தினால் போதும். அப்படி அமர்ந்த இருவரில் ஒருவர் காரைக்குடியிலேயே இருக்கும் ஆச்சி. அவர் செலவிடப்போகும் நேரத்துக்கு எவரும் விலை வைக்கவில்லை; வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கூரைக்கு வேண்டிய பணம் முன்பணமாகவே வசூலாகிவிட்டது. ஓட்டு வேலைக்காரரிடம் பேசியபோது, ஆவணி முழுவதும் வேறு வீடுகளுக்கு ஒப்புக்கொண்டிருப்பதாகவும் புரட்டாசியில் மூன்று வாரம் மட்டும் தர முடியும் என்றும் சொன்னார். மூன்று வாரத்தில் ஒரு கட்டின் கூரையே முடியும். வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முகப்பு. உத்தரம் நனைந்திருப்பது பட்டாலையில். ஆச்சி பட்டாலையைச் சொன்னார். முகப்பின் மேல் இந்த மழைக்குத் தார்ப்பாய் போடுவதென்று எழுதிக்கொண்டார்கள்.